ஒரே மரம், ஒரே மழை. பிறகு ஏன் ஒரு நாடு ஏறுது, ஒரு நாடு இறங்குது?



செமஸ்டர் லீவில் நான் வீட்டுக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பாசிர் பெனம்பாங் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுப்பது வழக்கம். போன லீவில் ஒருநாள் மண்டபத்துக்கு வெளியே கால்வாய் வெட்டும் வேலை நடந்தது. நாலைந்து வங்காளதேசத் தொழிலாளர்கள் வெயிலில் நின்று மண் வாரிக் கொண்டிருந்தார்கள். இரண்டாம் படிவம் படிக்கும் ஒரு தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, அவங்க ஊர்ல எல்லாரும் சோம்பேறியாம். அதான் நாடு ஏழையா கிடக்கு, இங்க வந்து பொழைக்கிறாங்க" என்றான். பக்கத்தில் இருந்த தங்கச்சி, "இல்லடா, அது அவங்க கர்மா. எங்க பாட்டி சொன்னாங்க" என்றாள்.

மணி பதினொன்று. வெளியே மண்வெட்டியோடு நிற்பவர் சோம்பேறி; உள்ளே காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து மைலோ குடித்துக் கொண்டிருக்கும் நாங்கள் உழைப்பாளிகள்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பதில் சொல்ல வரவில்லை. பொறியியல் படிக்கிறேன், ஒரு பம்ப் ஏன் ஓடவில்லை என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஒரு நாடு ஏன் ஓடவில்லை என்று கேட்டால்? அந்த லீவு முழுக்க இதைப் படித்தேன், யோசித்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. நம்ம கோலசிலாங்கூர் மாவட்டத்திலேயே அது இருக்கிறது.

நம்ம ஊர் மரத்தின் கதை

நம்மைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை. ஆனால் அது நம்ம ஊர் மரம் இல்லை. அதன் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவில் இருக்கும் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. அங்கிருந்து சுமத்ராவுக்குப் போனது. சுமத்ராவிலிருந்து விதை கொண்டுவந்து, 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் மாவட்டத்துத் தெனமாரம் தோட்டத்தில் நட்டார். இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கம், அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை. மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். பள்ளிக்கூடத்தில் 'நாட்டின் முக்கிய ஏற்றுமதி' என்று மனப்பாடம் செய்தோமே, அது நம் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில்தான் தொடங்கியது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1960-களின் தொடக்கத்தில் உலகத்திலேயே அதிகமாகச் செம்பனை எண்ணெய் எடுத்த நாடு நைஜீரியா. நாம் அதற்குப் பின்னால் இருந்தோம். மலாயா சுதந்திரம் பெற்றது 1957-இல், நைஜீரியா 1960-இல். இரண்டுமே ஆங்கிலேயர் ஆண்ட நாடுகள். இரண்டிலும் பல இனம், பல மதம், பல மொழி. இரண்டிலும் நல்ல மழை, நல்ல வெயில். சொல்லப்போனால் மரம் அவர்களுடையது. அப்படி இருந்தும் இன்றைக்கு உலகச் செம்பனை எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் கொடுக்கின்றன. நைஜீரியா தன் சமையலுக்கே வெளியிலிருந்து எண்ணெய் வாங்குகிறது.

இது எப்படி? மண்ணும் மழையும் காரணம் என்றால் நைஜீரியா ஜெயித்திருக்க வேண்டும். உழைப்புதான் காரணம் என்றால், காட்டுக்குள் உயரமான பனையில் கயிறு கட்டி ஏறிக் குலை வெட்டி, பழத்தை அவித்து, இடித்து, கையால் எண்ணெய் பிழிந்த அந்த ஆப்பிரிக்க ஆண்களையும் பெண்களையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எங்கே ஒழுகுகிறது?

ஒரு குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தண்ணீரைத் திட்ட மாட்டோம். எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். அப்படிப் பார்த்தால் நாலு இடம் தெரிகிறது.

முதலாவது, ஆலை. செம்பனைப் பழத்தை வெட்டிய உடனே கொழுப்பு கெட ஆரம்பித்துவிடும். ஒருநாளுக்குள் ஆவியில் அவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். அதனால் தோட்டமும் ஆலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் நல்ல சாலை வேண்டும். மலாயாவில் ரப்பருக்காகப் போட்ட சாலையும் ரயிலும் ஏற்கெனவே இருந்தன. நைஜீரியாவில் பெரும்பாலான மரங்கள் தானாக முளைத்து ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்தவை.

இரண்டாவது, அறிவு. கெட்டியான ஓட்டுள்ள 'டூரா' வகையையும் ஓடே இல்லாத 'பிசிஃபெரா' வகையையும் சேர்த்தால் சதை அதிகமான 'தெனெரா' வரும் என்று ஆப்பிரிக்காவிலேயே, காங்கோவில்தான் கண்டுபிடித்தார்கள். நைஜீரியாவிலும் நல்ல ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஆனால் அந்தக் கன்று விவசாயியின் நிலத்துக்குப் போய்ச் சேரவில்லை. இங்கே 1960-களிலிருந்து பழைய மரத்தைச் சாய்த்துவிட்டு புதிய வகையை நட்டுக்கொண்டே வந்தார்கள். 1979-இல் செம்பனைக்கென்று தனி ஆராய்ச்சிக் கழகமே வந்தது.

மூன்றாவது, விலை. நைஜீரியாவில் விவசாயி தன் எண்ணெயை அரசு வாரியத்திடம் விற்க வேண்டும். வாரியம் உலக விலையைவிடக் குறைவாகக் கொடுத்து மிச்சத்தை எடுத்துக்கொண்டது. தன் பங்கு குறைவு என்று தெரிந்தவன் புது மரம் நடுவானா? நட்டால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். நம்மில் யாரும் அப்படிக் காத்திருக்க மாட்டோம்.

நான்காவது, அமைதி. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் உள்நாட்டுப் போர். சண்டை நடந்த கிழக்குப் பகுதிதான் பனை விளையும் பகுதி. கூடவே பூமிக்குள் இருந்து பெட்ரோல் பணம் வர ஆரம்பித்ததும் அரசுக்கு விவசாயி தேவைப்படவில்லை. நமக்கும் 1969 மே 13 இருந்தது. ஆனால் அது மூன்று வருடப் போராக மாறவில்லை. 1970-களில் நம் அரசாங்கம் சுத்திகரித்த எண்ணெய்க்கு ஏற்றுமதி வரியைக் குறைத்தது. அதனால் பச்சை எண்ணெயை அனுப்புவதை விட்டுவிட்டு இங்கேயே சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன.

பாருங்கள், இந்த நாலில் ஒன்றுகூட 'அவர்கள் சோம்பேறிகள்' இல்லை. 2024-இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கிய அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூன்று பேரும் சொல்வது கிட்டத்தட்ட இதுதான்: ஒரு நாட்டின் விதிமுறைகள், நீதிமன்றம், நில உரிமை, பள்ளிக்கூடம் எல்லாம் எல்லாரையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறதா, இல்லை சில பேருக்காக மற்றவர்களை உறிஞ்சுகிறதா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. வட கொரியாவும் தென் கொரியாவும் ஒரே மொழி, ஒரே சாப்பாடு, ஒரே முன்னோர். பிரிந்து ஏறக்குறைய 80 வருஷம்தான் ஆன நாடுகள் அவை. அங்கே ரத்தத்திலா வித்தியாசம் வந்தது?

நம் மதத்தையும் இழுத்தார்கள்

இந்துக்களாகிய நமக்கு இதில் தனிச் சங்கதி ஒன்று உண்டு. மாக்ஸ் வெபர் என்ற ஜெர்மன் அறிஞர் நூறு வருஷத்துக்கு முன்னால், இந்து மதமும் சீனர்களின் கன்ஃபூசிய நெறியும் நவீன முதலாளித்துவம் முளைக்க இடம் தராதவை என்று எழுதினார். 1978-இல் ராஜ் கிருஷ்ணா என்ற இந்தியப் பொருளாதார அறிஞர், வருஷத்துக்கு ஏறக்குறைய 3.5 சதவீதம் மட்டும் வளர்ந்த இந்தியாவைப் பார்த்து 'இந்து வளர்ச்சி வீதம்' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு என்ன ஆனது? 1980-களில் வளர்ச்சி மெல்ல ஏறியது. 1991-இல் சட்டதிட்டங்களை மாற்றிய பிறகு 6 சதவீதத்தையும் தாண்டியது. நடுவில் இந்தியர்கள் யாரும் மதம் மாறவில்லை. அதே கோயில், அதே தேங்காய், அதே கற்பூரம். மாறியது சட்டம். சீனர்கள் கதையும் அப்படித்தான். ஏழையாக இருந்தபோது கன்ஃபூசியஸ்தான் காரணம் என்றார்கள். தைவானும் சிங்கப்பூரும் முன்னேறியபோதும் கன்ஃபூசியஸ்தான் காரணம் என்றார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம் சொன்னால், அது காரணமே இல்லை என்று அர்த்தம்.

நம் நாட்டில் பேராசிரியர் சைட் ஹுசைன் அலாதாஸ் 1977-இல் ஒரு புத்தகமே எழுதினார். மலாய்க்காரர், ஜாவாக்காரர், பிலிப்பினோ எல்லாம் சோம்பேறிகள் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று அதில் ஆராய்ந்தார். காலனி முதலாளிக்குக் கூலி வேலை செய்ய மறுத்தவனுக்கு வைத்த பெயர்தான் 'சோம்பேறி' என்று காட்டினார். அப்படிச் சொன்னவர்கள், வேலை செய்ய வந்த நம் முன்னோருக்கு என்ன பெயர் வைத்தார்கள்? 'சொன்னதைக் கேட்கும் மலிவான ஆள்' என்றார்கள். இரண்டு பெயரும் வைத்தவனின் வசதிக்காக வைத்ததுதான்.

ஆனால் பாட்டிக்கு என்ன கிடைத்தது?

இதுவரை எழுதிவிட்டு ஒருநாள் சாயங்காலம் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். பாட்டி பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 'மலேசியா ஜெயித்தது' என்ற இடம் வந்ததும், "யாருப்பா ஜெயிச்சது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் கட்டுரை நின்றுவிட்டது.

பாட்டியின் வேலை என்ன தெரியுமா? செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தபோது அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டு கூட வரவில்லை. இங்கே காய் சரியாகப் பிடிக்காததால் மனுசன் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. பெண்கள் ஆண் பூவிலிருந்து மகரந்தத் தூளைச் சேர்த்து, பவுடர் மாவோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊத வேண்டும். கையெல்லாம் முள் கிழிக்கும். "வண்டு செய்ய வேண்டிய வேலைய நாங்க செஞ்சோம்" என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். 1981-இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். சின்னப் பூச்சி, அரிசியைவிடச் சின்னது. காய்ப்பு ஏறியது, செலவு இறங்கியது. நாட்டுக்கு அது பெரிய லாபம். பொறியியல் மாணவனாக நான் அதைக் கைதட்டி வரவேற்பேன். பாட்டிக்கு? அந்த வேலை போனது. வேறு வேலைக்கு மாற்றினார்கள். அதே நாள் கூலிதான். வண்டு கொடுத்த லாபத்தில் ஒரு காசு அதிகம் வரவில்லை.

அப்புறம் தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். முப்பது வருஷம் வேலை செய்த கைக்குச் சொந்தமாக ஒரு மரம்கூட இல்லை. அப்பா பாசிர் பெனம்பாங்கில் மீன் கடையில் வேலை தேடிக்கொண்டதால்தான் நாங்கள் இங்கே வந்தோம்.

அதே காலத்தில் 1956-இல் தொடங்கிய ஃபெல்டா திட்டத்தில், நிலமில்லாத கிராமத்து ஏழைகளுக்குச் சுமார் 10 ஏக்கரும் வீடும் கடனாகக் கொடுத்தார்கள். அவர்களும் காடு வெட்டிக் கஷ்டப்பட்டவர்கள்தான், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பாருங்கள்: ஒரே செம்பனை, ஒரே மழை, ஒரே முள். ஒருவர் நிலத்துக்குச் சொந்தக்காரர், இன்னொருவர் நாள் கூலி. ஒரு தலைமுறை கழித்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே இடத்திலா நிற்பார்கள்? தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பு வரவே இல்லை.

நாடுகளுக்கு நடுவே வித்தியாசம் ஏன் வருகிறதோ, அதே காரணத்தால்தான் ஒரு நாட்டுக்குள்ளேயும் வருகிறது. நைஜீரிய விவசாயியிடம் வாரியம் பங்கைப் பிடுங்கியதால் அவன் பின்தங்கினான். இங்கே கூலியைக் குறைவாக வைத்ததும் ஏற்றுமதி ஜெயித்ததற்கு ஒரு காரணம். நாலு காரணம் என்று மேலே எழுதினேன். ஐந்தாவது காரணம் பாட்டி. அதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கர்மா என்று சொல்லலாமா?

இப்போது அந்தத் தங்கச்சி சொன்ன பதிலுக்கு வருவோம். கர்மாவை நான் நம்புகிறேன். ஆனால் அதை யாருக்குச் சொல்வது என்பதில்தான் தர்மம் இருக்கிறது. என் கஷ்டத்தை நானே தாங்கிக்கொள்ள, என் செயலுக்கு நானே பொறுப்பேற்க அந்த வார்த்தை உதவும். அடுத்தவன் பசியைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னால், அது என் கையை மடித்து வைத்துக்கொள்ள ஒரு சாக்கு.

1876-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம்தான் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அடுத்த வருஷம் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதே 1876-இல்தான் சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் தொடங்கியது. லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். பஞ்சத்திலும் தானியம் கப்பலேறிக் கொண்டுதான் இருந்தது. மரம் ஒரு பக்கமிருந்து வந்தது, பசித்த மனுசன் இன்னொரு பக்கமிருந்து வந்தான், இரண்டும் மலாயாவில் சந்தித்தன. மழை பொய்த்தது இயற்கை. தானியத்தைக் கப்பலேற்றியது மனுசன் எடுத்த முடிவு. அதைக் கர்மா என்று சொன்னால் முடிவெடுத்தவன் தப்பித்துவிடுவான்.

திருவள்ளுவரும் 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. பொருட்பாலில் 'ஆள்வினையுடைமை' என்று இன்னோர் அதிகாரம் வைத்து முயற்சியைப் பேசினார். 'நாடு' என்று தனி அதிகாரமும் உண்டு. விதியையும் முயற்சியையும் நாட்டையும் ஒரே நூலுக்குள் வைத்தவர் நம் ஆள். நாம் மட்டும் ஏன் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம்?

நம் தாத்தாக்களும் நிறுத்திக்கொள்ளவில்லை. 1941-இல் பக்கத்துக் கிள்ளான் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பட்டாளம் வந்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், துண்டு போட்டு விற்கப்பட்ட எஸ்டேட்டுகளைத் தொழிலாளர்களே வாங்க தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நாள் கூலிக்காரர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. விதி என்று உட்கார்ந்திருந்தால் அந்தத் தோட்டங்கள் நம் பெயரில் வந்திருக்காது.

தம்பிக்குச் சொன்ன பதில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியிடம் பேசினேன். வங்காளதேசத்தைப் பற்றி ஒரு கதை சொன்னேன். 1979-இல் அந்த நாட்டு தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் 130 பேரைத் தென் கொரியாவில் டேவூ கம்பெனிக்கு அனுப்பித் தையல் தொழிற்சாலை வேலை பழக வைத்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர்களில் பல பேர் பிறகு சொந்தமாகவோ, வேறு கம்பெனிகளிலோ தொழிற்சாலை நடத்தினார்கள். இன்று ஆயத்த ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று வங்காளதேசம். "டேய், நீ போட்டிருக்கிற டீ-சட்டைய திருப்பிப் பாரு" என்றேன். கழுத்துப் பட்டையில் 'மேட் இன் பங்ளாதேஷ்' என்று இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது.

"சோம்பேறி நாடுன்னு ஒண்ணு கிடையாதுடா. கத்துக்க வாய்ப்பு கிடைச்சுதா, உழைச்சதுல பங்கு கிடைச்சுதா, சண்டை இல்லாம இருந்துச்சா, இத கேளு" என்றேன்.

அவன் சும்மா விடவில்லை. "அப்போ நம்ம கையில ஒண்ணுமே இல்லையா அண்ணே? எல்லாம் அரசாங்கம்தானா?"

நல்ல கேள்வி. என் பதில் இது. சட்டத்தை ஒரு ஆள் மாற்ற முடியாது. ஆனால் 130 பேர் கற்றுக்கொண்டு வந்தது ஒரு தொழிலை மாற்றியது. தோட்டத் தொழிலாளர்கள் சேர்த்த காசு தோட்டம் வாங்கியது. ஆகவே மூன்று வேலை நம் கையில் இருக்கிறது. ஒன்று, படிப்பது, படித்ததைப் பின்னால் வருகிறவனுக்குக் கொடுப்பது. இரண்டு, தனித்தனியாகச் செலவு செய்யாமல் சேர்ந்து சேமிப்பது. திருவிழாவுக்குக் கூட்டாகப் பணம் போட நமக்குத் தெரியும், பிள்ளைகளின் படிப்புக்கும் அப்படிப் போடலாம். மூன்று, ஓட்டுப் போடும் வயது வந்தவர்கள் கூலி, வீடு, பள்ளிக்கூடம் பற்றி வேட்பாளரிடம் கேள்வி கேட்பது. பதினெட்டு வயதானால் இப்போது தானாகவே வாக்காளர்தான்.

நாலாவது ஒன்றும் இருக்கிறது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாட்டி இருந்த லயத்தில் இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். அதே வேலை, அதே முள். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் முன்னோரைப் பார்த்து துரை பேசியதை, இன்று நம்ம வீட்டுத் தம்பி ஜன்னல் வழியாகப் பேசுகிறான். யாரிடம் கற்றுக்கொண்டான்? நம்மிடம்தான். அவர்கள் அடிபட்ட கதையை மறந்துவிட்டு, அடித்தவனின் வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். இது அறமா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று வகுப்பு முடிந்ததும் பிரசாதம் கொடுத்தார்கள். பொங்கலும் கொண்டைக்கடலைச் சுண்டலும். அந்தத் தம்பி இரண்டு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கால்வாய் வேலை இன்னும் முடியவில்லை. அவன் என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து, "அண்ணே, அந்த அண்ணன் அவங்க ஊர்ல பத்தாவது வரைக்கும் படிச்சிருக்காராம். கணக்குல நல்லா வருவாராம்" என்று மட்டும் சொன்னான்.